குவார்ட்ஸ் என்ற பெயரில் மூன்று மாதிரிகள்: வெயில் விழும் கூடத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பதிப்பது?

கேள்வி: சுண்ணாம்புக்கோடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போதிருக்கும் பழைய சிமென்ட் தரையின் மேல் குவார்ட்ஸ் டைல் பதிக்க எண்ணியிருக்கிறோம். கூடம் 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்டது. மேற்குப் பக்கச் சுவரில் தரைவரை இறங்கும் கண்ணாடிச் சாளரம் இருப்பதால், பிற்பகல் வெயில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் தரையின் மீது நேராக விழுகிறது. கூடத்தை ஒட்டியே குளியலறையும் உள்ளது. இரண்டிலும் ஒரே டைலைப் போட்டுவிட்டால் பார்வைக்குத் தொடர்ச்சியாக இருக்கும் என்பது என் விருப்பம். ஆனால் வயதான என் தாயார் எங்களுடன் இருக்கிறார், அவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற அச்சமும் உடன் இருக்கிறது.

குழப்பம் எங்கே தொடங்கியது என்றால், குவார்ட்ஸ் டைல் வேண்டும் என்று கேட்டபோது மூன்று வெவ்வேறு பொருள்களை மாதிரியாகக் கொடுத்தார்கள். முதலாவது வெள்ளை நிறம், 10 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே சிறு கண்ணாடித் துணுக்குகள் மின்னுகின்றன. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையாகத்தான் தெரிகிறது. இரண்டாவது சாம்பல் நிறத்தில் இயற்கையான வரியோட்டம் உள்ள கல், மெருகேற்றப்படாதது. மூன்றாவது 5 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், கையால் அழுத்தினால் சற்று வளைகிறது. விலை வேறுபாட்டை வைத்து நான் முடிவெடுக்க விரும்பவில்லை. இவை மூன்றும் ஒன்றுதானா, வெயிலையும் ஈரத்தையும் எது தாங்கும், பழைய தரையை உடைக்காமல் மேலேயே பதிக்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். ஓரங்கள் மிகத் துல்லியமாக வெட்டப்பட்டிருப்பதால் இடைவெளியே விடாமல் ஒட்ட ஒட்டப் பதிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அதுவும் சரிதானா?

பதில்: படிகம்

உங்கள் கையில் இருப்பவை மூன்றும் ஒன்றல்ல. பெயர்தான் ஒன்று.

முதல் மாதிரி, ஆலையில் செய்யப்படும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் கற்களைப் பொடியாகவும் சிறு துண்டுகளாகவும் நொறுக்கி, எடையில் ஏறத்தாழ 90 முதல் 93 விழுக்காடு அதையும், மீதியாகப் பாலியெஸ்டர் பிசினையும் நிறமிகளையும் சேர்த்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதிர்வோடு அழுத்திப் பின் சூடேற்றி இறுக வைக்கிறார்கள். இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய இந்த முறைதான் இன்று உலகின் பல ஆலைகளில் நடக்கிறது. இரண்டாவது மாதிரி குவார்ட்சைட்டாக இருக்க வேண்டும். மணற்கல் பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறி உருவாகும் இயற்கைக் கல் அது, அதில் பிசின் கிடையாது. மூன்றாவது, குவார்ட்ஸ் மணலை நிரப்பியாகக் கலந்த வினைல் என்ற பிளாஸ்டிக். அது நல்ல பொருளாக இருக்கலாம், ஆனால் அதைக் கல் என்று சொல்ல முடியாது, பதிக்கும் முறையும் முற்றிலும் வேறு. இவை தவிர, குவார்ட்ஸ் தோற்றத்தை மேற்பரப்பில் அச்சிட்ட போர்சலின் டைலும் (களிமண்ணை உயர் வெப்பத்தில் சுட்டுச் செய்வது) இதே பெயரில் வரும். அதன் உடைந்த ஓரத்தைப் பார்த்தால், மெல்லிய மேற்பூச்சும் அடியில் வேறு நிற உடலும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

விற்பவர்கள் எப்போதும் கடினத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். அதில் பொய்யில்லை. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, பளிங்கின் கடினம் 3, சாதாரணக் கத்தியின் எஃகு ஐந்தரையை ஒட்டி நிற்கும். ஆகவே கத்தியால் குவார்ட்ஸ் மணியைக் கீற முடியாது. ஆனால் ஆலைக் குவார்ட்ஸைப் பொறுத்தவரை நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி கல்லைப் பற்றியது அல்ல, அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான பிசினைப் பற்றியது. வெயில் பட்டால் மஞ்சளிப்பதும் மங்குவதும் பிசின். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பொருளை வைத்தால் தழும்பேறுவதும் பிசின். காஸ்டிக் சோடாவுக்கும் பெயின்ட் அகற்றும் திரவத்துக்கும் இடம் கொடுப்பதும் அதுதான். தரையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்தப் பொருளைக் கல் என்று மட்டும் நினைத்து வேலை செய்வதால் வருபவை.

வெப்பத்தில் விரிவதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆலைக் குவார்ட்ஸ் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர் விரியும். போர்சலின் 0.007 அளவில்தான் விரியும், அடியிலுள்ள கான்கிரீட் 0.01 அளவில் விரியும். உங்கள் கூடம் 6 மீட்டர் நீளம், வெயிலில் தரையின் வெப்பம் 20 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆலைக் குவார்ட்ஸ் 3 மில்லிமீட்டர் நீள முயலும், அடித்தளமோ 1.2 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். இந்த வேறுபாட்டைப் பசையும் ஓர இடைவெளியும் தாங்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் பதிக்கச் சொன்னவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

என் கருத்தை ஒளிவில்லாமல் சொல்வதென்றால், மேற்கு வெயில் நேராக விழும் கூடத்தில் வெள்ளை நிற ஆலைக் குவார்ட்ஸை நான் போட மாட்டேன். வெயில் படாத அறைகளில் அது அழகாக இருக்கும். சாளரத்தோரம் விரிப்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், விரிப்புக்கு அடியில் ஒரு நிறமும் வெளியே ஒரு நிறமுமாகச் சில ஆண்டுகளில் தரையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது மாதிரியை வீட்டிலேயே சோதிக்கலாம். சில வேளைகளில் பளிங்கையும் குவார்ட்சைட் என்ற பெயரில் விற்பதுண்டு. மறைவான மூலையில் ஒரு சொட்டு வினிகரை விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். நுரைத்தாலோ அந்த இடம் மங்கியிருந்தாலோ அது சுண்ணாம்புச் சத்துள்ள கல். இன்னொரு மூலையில் வெறும் நீரை விட்டு அதே நேரம் காத்திருங்கள். கல்லின் நிறம் கறுத்தால் அது நீரை உறிஞ்சுகிறது, ஆகவே நீரும் கறையும் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் என்ற திரவத்தைப் பூச வேண்டும் என்று பொருள்.

பதில்: பல்கரண்டி

படிகம் அவர்கள் பொருளைப் பற்றி விளக்கிவிட்டார். பல ஆண்டுகளாகத் தரை வேலை செய்பவன் என்ற முறையில் பதிப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சிமென்ட் தரையை உடைக்க வேண்டுமா என்பதைத் தரையிடமே கேட்க வேண்டும். ஒரு சிறு சுத்தியலின் பின்புறத்தாலோ மரக்கட்டையாலோ தரை முழுவதும் ஓர் அடிக்கு ஓரிடம் என்று தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கெட்டியான ஓசை வந்தால் சரி. பொள்ளலான ஓசை வரும் இடங்களில் சாந்து அடியிலிருந்து விட்டுவிட்டது என்று பொருள், அந்தப் பகுதியை மட்டுமாவது கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். எண்ணெய், மெழுகு, பெயின்ட் ஆகியவை தரையில் ஊறியிருந்தால் பசை பிடிக்காது, ஆகவே அவற்றைச் சுரண்டியோ தேய்த்தோ அகற்றிவிட வேண்டும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, 45 சென்டிமீட்டர் சதுரமான கனமான பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் மூடி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் மேலேறுகிறது, அதைச் சரிசெய்யாமல் எந்த டைலையும் பதிக்காதீர்கள்.

அடுத்தது மட்டம். 2 மீட்டர் நீள மட்டக்கோலைத் தரையில் எல்லாத் திசைகளிலும் வைத்துப் பாருங்கள். கோலுக்கு அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் எங்கும் இடுக்கு இருக்கக் கூடாது. பள்ளத்தைப் பசையால் நிரப்பிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். தடிமனாகப் போட்ட பசை உலரும்போது சுருங்கும், அந்தச் சுருக்கம் டைலைக் கீழே இழுக்கும், இரண்டு டைல்களுக்கு இடையே நகம் தட்டும். பிரைமர் பூசி, தானே மட்டமாகப் பரவும் கலவையை ஊற்றி, அது காய்ந்த பிறகு வேலையைத் தொடங்குவதே முறை. எங்காவது புதிதாகத் தளப்பூச்சு போட்டால், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உலர விடுங்கள்.

இனிப் பசை. ஆலைக் குவார்ட்ஸில் பசைதான் முக்கால் பங்கு வேலை. சாதாரண சிமென்ட் சாந்தில் இதைப் பதித்து நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கரும்பச்சை நிறத்தில் பிசின் கலந்த டைலைப் பளிங்கு பதிப்பது போலவே ஈரச் சாந்தின் மேல் வைத்துத் தட்டி மட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஒவ்வொரு டைலும் நான்கு மூலையும் தூக்கிக்கொண்டு தட்டுப்போல் குழிந்திருந்தது. ரசமட்டம் பொய் சொல்கிறதோ என்றுகூட நினைத்தேன். நடந்தது என்னவென்றால், டைலின் அடிப்புறம் சாந்திலிருந்த நீரைக் குடித்து விரிந்திருக்கிறது, மேற்புறம் உலர்ந்தே இருந்திருக்கிறது, அந்த வளைவு நிமிர்வதற்குள் சாந்து இறுகிவிட்டது. முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி என் கைச்செலவில் பதித்துக் கொடுத்தேன்.

ஈரத்தால் வளையும் தன்மையை வைத்து இத்தகைய டைல்களை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ஐரோப்பியத் தர நெறியான இஎன் 14617-இன் 12-ஆம் பகுதியில் இதற்கான சோதனை உள்ளது. ஏ வகுப்பை நல்ல தரமான, பாலிமர் சேர்ந்த சிமென்ட் பசையில் பதிக்கலாம். பி வகுப்புக்கு, தன் நீரைத் தானே விரைவாகப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் இறுகும் பசை வேண்டும். சி வகுப்புக்கு நீரே இல்லாத எப்பாக்ஸி அல்லது பாலியூரத்தேன் பசை மட்டுமே பொருந்தும். ஆகவே உற்பத்தியாளரின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கி, எந்த வகுப்பு என்று பார்க்காமல் பசை மூட்டையை வாங்காதீர்கள். பசைப் பையின் மேல் எஸ் 1, எஸ் 2 என்று அச்சிட்டிருப்பது அது எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைக் குறிக்கும். உடையாமல் 2.5 முதல் 5 மில்லிமீட்டர்வரை வளைந்து கொடுப்பது எஸ் 1, அதற்கு மேல் எஸ் 2. விரிவு வேறுபாடு பற்றிப் படிகம் அவர்கள் சொன்ன கணக்கைப் பார்த்தால், எஸ் 1 என்பதற்குக் கீழே நீங்கள் இறங்கக் கூடாது. வெளிர்நிற டைலுக்கு வெள்ளைப் பசைதான். சாம்பல் நிறப் பசை அடியிலிருந்து நிழலாகத் தெரியும்.

நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டையை வைத்து டைலை அழுத்தும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கனமான சாமான் வைத்தால் உருண்டை இல்லாத இடத்தில் டைல் உடையும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் பல்லுள்ள கரண்டியால் ஒரே திசையில் நேர்க்கோடுகளாகப் பசையை இழுத்து, டைலின் அடிப்புறத்திலும் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசி, கோடுகளுக்குக் குறுக்காகச் சற்று நகர்த்தி அழுத்தினால் கோடுகள் படிந்து காற்று வெளியேறும். சுழித்துச் சுழித்து இழுத்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பதித்த முதல் இரண்டு மூன்று டைல்களில் ஒன்றை உடனே தூக்கி அடியில் பாருங்கள். உலர்ந்த அறைகளில் அடிப்பரப்பில் 80 விழுக்காடாவது பசை பிடித்திருக்க வேண்டும், ஈரமான இடங்களில் 95 விழுக்காடு. பசைச் செலவு ஒரு சதுர மீட்டருக்கு 5 முதல் 6 கிலோ வரும் என்பதால், உங்கள் 24 சதுர மீட்டருக்கு 120 முதல் 145 கிலோவரை தேவைப்படும்.

இடைவெளி கட்டாயம். டைலுக்கும் டைலுக்கும் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்துப் பதியுங்கள். சுவரோரம் நான்கு பக்கமும் 8 மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள், அதில் சாந்தோ, டைல் இடைவெளிகளை அடைக்கும் கலவையான க்ரௌட்டோ விழவே கூடாது, அதைச் சுவரடிப் பட்டையான ஸ்கர்ட்டிங் மூடிக்கொள்ளும். வெயில் விழும் பகுதியில் 3 மீட்டருக்கு ஓர் இடத்தில் க்ரௌட்டுக்குப் பதிலாக அதே நிறச் சிலிக்கோனை நிரப்பி அசைவுக்கு வழி விடுங்கள். அடியிலுள்ள கான்கிரீட்டில் ஏற்கெனவே இணைப்புக்கோடு இருந்தால் அதை டைலால் மூடி மறைக்காமல் மேலேயும் கொண்டுவர வேண்டும்.

கதவுகளை மறந்துவிட்டேன். டைலும் பசையும் சேர்ந்து 15 மில்லிமீட்டர் உயரும். கதவின் அடியை முதலிலேயே இழைத்துவிடுங்கள்.

பதில்: ஓரமாய் ஒருத்தி

குளியலறையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். ஒரே டைல் இரண்டு இடத்திலும் தொடர வேண்டும் என்ற ஆசையை நீங்கள் கைவிடுவது நல்லது. மெருகேற்றிய பரப்பு, அது எந்தக் கல்லாக இருந்தாலும், சோப்பு நீர் பட்டால் வழுக்கும்.

டைல் பெட்டியில் ஆர் 9, ஆர் 10 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் காலணியோடு நடந்து பார்க்கும் சோதனையின் வரிசை அது, ஆர் 9-தான் அதில் மிகக் கீழ்ப்படி. அதற்கு 6 முதல் 10 டிகிரிச் சாய்வைத் தாங்கினாலே போதும். வெறுங்காலோடு நடக்கும் ஈர இடங்களுக்கு ஏ, பி, சி என்ற தனி வரிசை உள்ளது. பல்கரண்டி ஐயா சொன்ன ஏ, பி, சி வேறு, இது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் அம்மாவுக்காக, வெறுங்கால் சோதனையில் பி வகுப்பாவது பெற்ற, மெருகில்லாத, சிறிய அளவு டைலைக் குளியலறையில் போடுங்கள். டைல் சிறியதானால் க்ரௌட் கோடுகள் கூடுதலாகும், காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும், நீர்ப்போக்கியை நோக்கிச் சரிவு கொடுப்பதும் எளிது. 60 சென்டிமீட்டர் டைலை நான்கு பக்கச் சரிவில் பதிக்க முயன்றால் குறுக்காக வெட்டித்தான் ஆக வேண்டும்.

அந்த மின்னும் கண்ணாடித் துணுக்குகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் சில, பின்புறம் ரசம் பூசிய உண்மையான முகக்கண்ணாடித் துண்டுகள். அமிலமும் வெளுப்பான்களும் தொடர்ந்து பட்டால் ரசம் கறுத்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும். குளியலறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பதில்: தூசிப்பகை

வெட்டுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை வேலை செய்ய வருபவரிடமும் சொல்லிவிடுங்கள். ஆலைக் குவார்ட்ஸில் 90 விழுக்காட்டுக்கு மேல் படிகச் சிலிக்கா இருக்கிறது, குவார்ட்சைட்டும் ஏறத்தாழ அப்படித்தான். உலர் கட்டரால் வெட்டும்போது எழும் வெண்புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் அடியாழம்வரை போய்த் தங்கிவிடும், அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயை மருந்தால் திருப்ப முடியாது. உலகச் சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்துவிட்டது. அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்குக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம்தான் உச்ச வரம்பு. சமையலறை மேடைக்கான ஆலைக் கற்பலகைகளை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அவற்றைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது.

இதைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அல்ல. பதித்து முடித்த தரையிலிருந்து தூசி கிளம்பாது, குடியிருப்பவர்களுக்கு ஆபத்தில்லை. வெட்டுபவருக்குத்தான் ஆபத்து, அதையும் தண்ணீர் பெருமளவு குறைத்துவிடும். நீர் ஓடும் வைரப் பல் இயந்திரத்தால், வீட்டுக்கு வெளியே, முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் நுண்துகள் முகக்கவசம் அணிந்து வெட்ட வேண்டும். மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு எதையும் தடுக்காது. வெட்டிய இடத்துச் சேற்றைக் காய விடாமல் ஈரத்தோடேயே அள்ளிவிடுங்கள், காய்ந்தால் அது மறுபடியும் தூசிதான்.

சுண்ணாம்புக்கோடு (மீண்டும்)

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். சாம்பல் நிறக் கல்லில் வினிகர் எந்த அடையாளத்தையும் விடவில்லை, ஆனால் நீர் விட்ட மூலை கறுத்து, உலர இரண்டு மணி நேரம் பிடித்தது. வெள்ளை டைலின் தொழில்நுட்பத் தாளில் பி வகுப்பு என்று போட்டிருக்கிறது. பழைய தரையில் சாளரத்தோரம் மட்டும் பொள்ளல் ஓசை வருகிறது, அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிடப் போகிறோம். பாலித்தீன் தாளின் அடியில் வியர்வை இல்லை.

ஆகவே கூடத்துக்கு மெருகில்லாத குவார்ட்சைட், வெயில் வராத படுக்கையறைக்கு வெள்ளை ஆலைக் குவார்ட்ஸ், குளியலறைக்குச் சிறிய மேட் போர்சலின் என்று முடிவு செய்திருக்கிறோம். தொடர்ச்சி வேண்டும் என்ற என் ஆசையை என் தாயாரே சிரித்துக்கொண்டு தள்ளுபடி செய்துவிட்டார். இப்போது எஞ்சியிருப்பவை இரண்டு கேள்விகள். 60-க்கு 60 சென்டிமீட்டர் அளவில் கூடத்துக்கு எத்தனை டைல் வாங்க வேண்டும்? குவார்ட்சைட்டுக்குச் சீலரை க்ரௌட் போடுவதற்கு முன்பு பூச வேண்டுமா, பின்பு பூச வேண்டுமா?

பதில்: பல்கரண்டி

பரப்பை வைத்து மட்டும் கணக்கிட்டால் 24 சதுர மீட்டருக்கு 67 டைல், பத்து விழுக்காடு கூட்டினால் 74 வரும். ஆனால் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள், கணக்கு மாறும். அகலத்தில் ஓர இடைவெளி போக 398 சென்டிமீட்டர் இருக்கிறது. நடுக்கோட்டில் க்ரௌட் கோடு வருமாறு தொடங்கினால் ஆறு முழு டைலும், இரு பக்கமும் 18 சென்டிமீட்டர் கீற்றும் விழும், அது பார்க்க அழகாக இருக்காது. நடுக்கோட்டில் டைலின் நடு வருமாறு வைத்தால் ஐந்து முழு டைலும் இரு பக்கமும் 48 சென்டிமீட்டர் துண்டுமாக அமையும். இரண்டாவதுதான் சரி. ஆனால் 48 சென்டிமீட்டர் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு டைல் செலவாகும் என்பதால் வரிசைக்கு 7, நீளத்தில் 10 வரிசை, மொத்தம் 70 டைல் இந்த அமைப்புக்கே போய்விடும். 77 வாங்குங்கள். உடைந்தது போக மிஞ்சுவதைப் பத்திரப்படுத்துங்கள், பிற்காலத்தில் அதே கல், அதே வரியோட்டம் கிடைக்காது.

பதிப்பதற்கு முன் நான்கைந்து பெட்டிகளை ஒன்றாகத் திறந்து, கலந்து, பசை இல்லாமல் தரையில் பரப்பிப் பாருங்கள். இயற்கைக் கல்லில் ஒரு பெட்டி வெளிறியும் மற்றொன்று அடர்ந்தும் இருக்கும், பெட்டி பெட்டியாகப் பதித்தால் கூடம் திட்டுத்திட்டாகத் தெரியும். தடிமனையும் அளந்து பாருங்கள், குவார்ட்சைட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு வருவதுண்டு. தடித்த டைல்களை முதலில் பதித்து மட்டத்தை நிர்ணயித்துக்கொண்டால், மெல்லியவற்றைப் பசையால் உயர்த்திக்கொள்வது எளிது. தடித்ததைக் கீழே இறக்க வழியில்லை. அடித்தளத்துப் பள்ளத்துக்குப் பசை வேண்டாம் என்று சொன்னவனே இப்படிச் சொல்கிறானே என்று கேட்காதீர்கள், இங்கே பேச்சு ஒன்றிரண்டு மில்லிமீட்டரைப் பற்றியது.

பதில்: படிகம்

சீலர் இரண்டு முறையும் வேண்டும். உங்கள் கல் நீரை உறிஞ்சுகிறது, ஆகவே க்ரௌட்டின் நிறமியையும் உறிஞ்சும். பதித்துப் பசை நன்கு இறுகி, டைலும் முழுதாக உலர்ந்த பிறகு, கல்லுக்குள் ஊடுருவும் வகைச் சீலரை ஒரு முறை பூசி, மேலே தேங்குவதை உடனே துடைத்துவிடுங்கள், துடைக்காமல் விட்டது பிசுபிசுப்பான படலமாகக் காயும். டைலின் பக்கவாட்டு விளிம்புகளில் சீலர் படாமல் பார்த்துக்கொண்டால் க்ரௌட் நன்றாகப் பிடிக்கும். க்ரௌட் போட்டு, அதன் வெண்படலத்தை ஈரத் துணியால் அன்றே அகற்றி, க்ரௌட் காய்ந்தபின் மறுபடி ஒரு பூச்சு. அதன் பிறகு அவ்வப்போது ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். நீர் முத்தாக நிற்காமல் கல்லைக் கறுக்கச் செய்யும் நாளில் மீண்டும் பூசினால் போதும்.

படுக்கையறையின் வெள்ளை டைலுக்குச் சீலர் தேவையில்லை, அதன் மேல் அது வழுக்கும் படலமாகத்தான் நிற்கும். அங்கே அமிலமும் காரமும் இல்லாத நடுநிலைச் சோப்புக் கரைசலும் ஈரத் துணியும் மட்டும் பயன்படுத்துங்கள். பி வகுப்பு என்பதால் விரைவாக இறுகும் வெள்ளைப் பசையையே வாங்குங்கள். அது கலந்த சிறிது நேரத்திலேயே கெட்டிப்படும், ஆகவே ஒரு முறைக்கு மூன்று நான்கு டைலுக்குத் தேவையானதை மட்டும் கலக்கச் சொல்லுங்கள். கெட்டியானதில் மறுபடி நீரை ஊற்றிக் கிளறுவதைக் கண்டால் அந்த வாளியைக் கொட்டிவிடச் சொல்லத் தயங்காதீர்கள்.